ஆறு வாரம் ஒரு வாத்தியாரைத் தங்க வைக்க: பல்கலைக்கழக விருந்தினர் கலைஞர் திட்டத்துக்குப் பணம் திரட்டும் வழிகாட்டி

டர்பனுக்கு வரும் தமிழ்நாட்டுக் கலைஞர்களின் பயணத்தை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை இறங்குகிறார்கள். சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாராட்டு, பொன்னாடை, மதியச் சாப்பாடு. திங்கட்கிழமை விமானம். நாம் கை தட்டியதோடு சரி. அவர் கையில் இருக்கும் வித்தை அவரோடு திரும்பிப் போய்விடுகிறது.

அதே கலைஞர் ஆறு வாரம் ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கினால் நிலைமை வேறு. வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் 72 மணி நேரம் மாணவர்களோடு இருப்பார். அத்தனை நேரத்தில் ஒரு மாணவி தாளம் பிடித்து, அடவு பழகி, வேடம் கட்டி நிற்கும் அளவுக்கு வந்துவிடுவாள். விருந்தினர் கலைஞர் திட்டம் என்று பல்கலைக்கழகங்கள் சொல்வது இதைத்தான்: கலைஞரை அழைத்து, ஊதியமும் தங்குமிடமும் கொடுத்து, சில வாரங்களோ மாதங்களோ மாணவர்களுடன் வேலை செய்ய வைப்பது.

இதற்கு எப்படிப் பணம் திரட்டுவது என்பதைத் தென்னாப்பிரிக்கச் சூழலில், குறிப்பாகக் குவாசுலு-நடால் மாகாணத்தை மனத்தில் வைத்து, படிப்படியாக எழுதுகிறேன். சங்கங்களிலும் கோயில் சபைகளிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், கலைத்துறைகளில் பாடம் நடத்துபவர்களுக்கும் இது உதவும். நீங்கள் திரட்டும் ஒவ்வொரு ரேண்டும் கலைஞரின் நாட்களை வாங்குவதற்காக. பட்ஜெட்டில் எந்த வரியை எழுதினாலும், இது எத்தனை வகுப்பு நாட்களைக் கூட்டுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வி கடைசிவரை உங்களை வழிதவறாமல் காப்பாற்றும்.

முதல் படி: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

யாரிடமும் பணம் கேட்பதற்கு முன் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். யார் வருகிறார், எத்தனை வாரம், எந்த மாணவர்களுக்கு, முடிவில் என்ன மிஞ்சும் ஆகிய நான்குக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். "தமிழ்ப் பண்பாட்டை வளர்ப்பது" என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் பணமும் தர மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: ஒரு தெருக்கூத்து வாத்தியாரையும் ஒரு மிருதங்கக்காரரையும் ஆறு வாரம் அழைப்பது. கூத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் குழுவோடு, 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கூத்தையும் கொண்டுவந்தார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதை "சிக்ஸ்-ஃபுட் டான்ஸ்" என்பார்கள். "கூத்து" என்று கேட்டால் விழிப்பவர்கள்கூட "சிக்ஸ்-ஃபுட்" என்றதும், "என் தாத்தா ஆடுவார்" என்று தொடங்கிவிடுவார்கள். இப்படி இந்த மண்ணிலேயே வேர் உள்ள கலையாக இருந்தால், வெளிநாட்டிலிருந்து எதையோ இறக்குமதி செய்கிறீர்கள் என்று பணம் கொடுப்பவர் நினைக்க மாட்டார்.

இன்னொரு வலுவான சான்று நாட்டின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்து ஊக்குவிக்கப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்த வரியை ஒரு பக்கக் குறிப்பில் தவறாமல் சேருங்கள். நம் சங்கங்கள் பலவற்றின் விண்ணப்பங்களில் இது இல்லாததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இரண்டாம் படி: உள்ளே ஒரு துறையைப் பிடியுங்கள்

பல்கலைக்கழகம் என்பது ஒரு கட்டடம். உள்ளே "இது என் திட்டம்" என்று சொல்லும் ஓர் ஆசிரியர் இல்லாமல் எதுவும் நகராது. 1961இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனியாகத் தொடங்கிய கல்லூரி, 1972இல் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆகி, 2004இல் நடால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நடால் பல்கலைக்கழகம் ஆனது. வெஸ்ட்வில்லில் ஒரு காலத்தில் தமிழும் பாடம், இந்திய இசையும் பாடம். இன்று அங்கே தமிழ்த்துறை இல்லை. ஆகவே நமக்காக உள்ளே யாரும் காத்திருக்கவில்லை. நாடகம், இசை, நடனம், கல்வியியல் என்று வேறு கதவுகளைத்தான் தட்ட வேண்டும்.

குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில் நாடகத்துக்கும் இசைக்கும் துறைகள் இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா, பொயட்ரி ஆப்ரிகா கவிதை விழா, ஜோம்பா நடன விழா போன்றவற்றை நடத்திப் பழகியது. வெளிநாட்டுக் கலைஞருக்கு அழைப்புக் கடிதம் எழுதுவதும் அறை பதிவு செய்வதும் அவர்களுக்கு அன்றாட வேலை. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துறை உண்டு.

துறைக்கு என்ன லாபம் என்பதையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். உயர்கல்வித் துறை 2017இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன்படி பல்கலைக்கழக ஆசிரியர்களின் இசை, நாடகம், நடனம் போன்ற படைப்புகளையும் மதிப்பிட்டு, ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைப்பதைப் போன்ற அரசு மானியம் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டது. கூத்து வாத்தியாரும் துறை ஆசிரியரும் சேர்ந்து ஒரு புதிய கூத்தை மேடையேற்றி, அதற்கான பதிவுகளையும் விளக்கவுரையையும் ஒழுங்காகத் தயாரித்தால், அந்த ஆசிரியர் தன் படைப்பாக அதைச் சமர்ப்பிக்கலாம். ஆசிரியருக்குப் பதவி உயர்வுக் கோப்பில் ஒரு வரி, துறைக்கு மானியம். இதைச் சொன்ன பிறகு, "அறை இல்லை" என்றவர்களுக்கு அறை கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு நாட்காட்டிகளை அருகருகே வையுங்கள். இங்கே முதல் பருவம் பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை, இரண்டாம் பருவம் ஜூலையிலிருந்து நவம்பர் வரை. டிசம்பர், ஜனவரியில் வளாகம் வெறிச்சோடிவிடும்.

அங்கே கர்நாடக இசைக் கலைஞர்களுக்கு மார்கழி முழுக்கச் சென்னை. ஏப்ரல் தொடங்கி அமெரிக்கப் பயணங்கள். கூத்துக் கலைஞர்களுக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் திருவிழாக்கள். வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி அப்போதுதான். அந்த மாதங்களில் ஒரு வாத்தியாரை இங்கே வரச் சொன்னால், அவருடைய ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வயிற்றில் அடிப்பதாகும். ஆவணி பிறந்த பிறகு கேளுங்கள்.

ஆக, ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை எல்லாம் பொருந்தி வருகிறது. வகுப்புகள் நடக்கும், வெயில் கொடுமை இருக்காது, செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் நடுவில் வரும். புரட்டாசியில் நம் மக்கள் விரதம் இருப்பதால் கல்யாணங்கள் இருக்காது. சங்க மண்டபங்கள் ஒத்திகைக்குக் கிடைக்கும். செப்டம்பரில் ஒரு வாரம் பருவ நடு விடுமுறை வரும். அதைக் கணக்கில் வைத்து, அந்த வாரம் வாத்தியாரைப் பள்ளிகளுக்கோ பீட்டர்மாரிட்ஸ்பர்க், டோங்காட் போன்ற ஊர்களுக்கோ அனுப்பலாம்.

செப்டம்பரில் ஆள் வர வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு ஜூலையில் வேலை தொடங்க வேண்டும். பதினான்கு மாதம். குறைந்த காலத்தில் முடித்தவர்கள் இருக்கலாம், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் படி: செலவுக் கணக்கு

பெரும்பாலோர் டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, அரங்கு வாடகை என்று எழுதி, மிச்சம் இருப்பதைக் கலைஞருக்கு ஊதியமாக வைப்பார்கள். கணக்கை அப்படியே தலைகீழாக்குங்கள். முதல் வரி ஊதியம். அதை முடிவு செய்த பிறகுதான் மற்றவை.

ஊதியத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த நாட்டில் வசிக்காத கலைஞர் இங்கே நிகழ்ச்சி நடத்தி வாங்கும் தொகையில் 15 விழுக்காட்டை, பணம் கொடுப்பவரே பிடித்து, சார்ஸ் எனப்படும் வருவாய்த் துறையிடம் கட்ட வேண்டும். பிடித்த மாதத்துக்கு அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டியாக வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாட்களுக்குள் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்பவர் சார்ஸுக்குத் தகவலும் தர வேண்டும். வாத்தியார் கைக்கு 60,000 ரேண்ட் போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், பட்ஜெட்டில் 60,000 எழுதக் கூடாது. 60,000ஐ 0.85ஆல் வகுத்து 70,588 என்று எழுத வேண்டும். மீதி 10,588 வரி. இதைக் கவனிக்காமல் 60,000 என்று வாக்குக் கொடுத்துவிட்டு 51,000 கொடுத்தால், கலைஞர் நம்மைத்தான் ஏமாற்றுக்காரர் என்பார். அவர் சொல்வது நியாயமும்கூட. வகுப்பெடுக்கும் ஊதியத்துக்கும் மேடை ஏறும் ஊதியத்துக்கும் வரிக் கணக்கு வேறாக அமையலாம். எனவே ஒப்பந்தத்தில் இரண்டையும் தனித்தனித் தொகையாகப் பிரித்து எழுதி, பல்கலைக்கழகத்தின் வரிப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

அடுத்து பயணம். சென்னையிலிருந்து டர்பனுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் வழி ஒன்று வசதியானது. ஆப்பிரிக்க நகரங்கள் வழியாக வரும் டிக்கெட் விலை குறைவாகத் தெரியலாம். ஆனால் அடிஸ் அபாபா, நைரோபி போன்ற இடங்களில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள்.

கூத்துக்கென்று ஒரு தனிச் செலவு உண்டு, அது சாமான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. தூக்கினால் எடையே இருக்காது, பெட்டியோ ஆளுயரம் இருக்கும். விமானத்தில் எடைக்கு மட்டுமல்லாமல் அளவுக்கும் கட்டணம் வாங்குவார்கள். இதற்கு ஒரு மாற்று யோசனை: அதே எரித்ரைனா பேரினத்தைச் சேர்ந்த மரம் குவாசுலு-நடாலில் வேலியோரமெல்லாம் நிற்கிறது. சுலு மக்கள் உம்சின்சி என்பார்கள். குளிர்காலம் முடியும்போது இலையில்லாமல் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் மரம் அது. அதன் கட்டையும் லேசானது. ஒரு செட் சாமானை வாத்தியார் கொண்டுவரட்டும், இன்னொரு செட்டைச் சிற்பத்துறை மாணவர்களோடு இங்கேயே செதுக்கட்டும். செலவு குறைகிறது, ஒரு புதிய வகுப்பு கிடைக்கிறது, சாமானும் இங்கே தங்கிவிடுகிறது. முதல் படியில் கேட்ட "என்ன மிஞ்சும்" என்ற கேள்விக்கு, கையில் தூக்கிக் காட்டக்கூடிய பதில் இதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டல் அறை வேண்டாம். சமையலறை உள்ள வளாக விருந்தினர் குடியிருப்பைக் கேளுங்கள். இருட்டிய பிறகு ஊர் தெரியாதவர் நடந்து போக முடியாத நகரம் இது, அதனால் வண்டிச் செலவைத் தாராளமாகப் போடுங்கள். மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல்கலைக்கழகம் தன் நிர்வாகச் செலவுக்கென்று வரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. எவ்வளவு என்பதை முதல் நாளே கேட்டு, குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். மொத்தத்தில் பத்து விழுக்காட்டை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். ரேண்டின் மதிப்பு ஆறு மாதத்தில் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: பணம் எங்கே இருக்கிறது

ஒரே இடத்தில் முழுத் தொகையும் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். டிக்கெட் ஒருவர், ஊதியம் ஒருவர், தங்குமிடம் பல்கலைக்கழகம், சாப்பாடும் வண்டியும் சங்கம் என்று பிரித்துக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நம் சமூகத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கே நாம் செய்யும் பெரிய தவறு, பணத்தைச் சங்கக் கணக்கில் வாங்குவது. வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, தகுதி பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு, கொடுப்பவரின் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு உண்டு. கல்வி அந்தத் தகுதிப் பட்டியலில் இருக்கிறது. கலை, பண்பாடு இல்லை. அதாவது, பண்பாட்டுப் பணி மட்டும் செய்யும் சங்கம், வருமான வரி விலக்குப் பெற்ற பொதுநல அமைப்பாகவே இருந்தாலும், பொதுவாக 18ஏ ரசீது கொடுக்க முடியாது. அரசுப் பல்கலைக்கழகம் கொடுக்க முடியும். ஒரு மருத்துவரோ வணிகரோ உங்கள் திட்டத்துக்கு 20,000 ரேண்ட் தர முன்வந்தால், பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் இந்தத் திட்டத்துக்கென்று தனிக் கணக்குக் குறியீடு திறந்து, அங்கே கட்டச் சொல்லுங்கள். பணம் வேறு எதற்கும் போகாது என்று பல்கலைக்கழகத்திடம் எழுதி வாங்குங்கள். 2023 மார்ச்சிலிருந்து ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், வரி எண் போன்ற விவரங்களும் வேண்டும். அவற்றை நன்கொடை வாங்கும் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிப்ரவரி மாதக் கடைசியில் தேடி அலையாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். உழைப்பை இலவசமாகக் கொடுப்பவருக்கு 18ஏ ரசீது கிடையாது. கணக்காளர் ஒருவர் கட்டணம் வாங்காமல் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் நன்றிக் கடிதம் மட்டுமே. விருந்து வைத்து மேசைக்கு இவ்வளவு என்று திரட்டும் பணமும் முழு நன்கொடை ஆகாது, ஏனென்றால் அவர்கள் பதிலுக்குச் சாப்பாடு வாங்கிக்கொள்கிறார்கள்.

கோயில்களிடமும் சபைகளிடமும் பணத்தைவிடப் பொருளாகக் கேளுங்கள். ஆடி மாதம் முழுக்க மாரியம்மனுக்குக் கஞ்சி வார்த்து நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஊற்றும் சபைக்கு, இரண்டு பேருக்கு ஆறு வாரம் சைவச் சாப்பாடு அனுப்புவது பெரிய காரியம் இல்லை. ஆனால் எழுத்தில் வாங்கி, சந்தை விலையில் மதிப்புப் போட்டு, பட்ஜெட்டில் "சமூகத்தின் பங்களிப்பு" என்று காட்டுங்கள். வெளியில் பணம் கேட்கும்போது, "உங்கள் மக்கள் என்ன கொடுத்தார்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

நிறுவனங்களுக்கு வருவோம். நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்பு விதிகளில், வரி போக மீதி லாபத்தில் 1 விழுக்காட்டைச் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்குச் செலவிடும் நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் உண்டு. பயனாளிகளில் குறைந்தது 75 விழுக்காட்டினர் அந்தச் சட்டம் வரையறுக்கும் கறுப்பின மக்களாக இருந்தால் செலவு முழுவதையும் கணக்கில் காட்டலாம். அந்த வரையறையில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அடக்கம். எனவே மாணவர் பட்டியலை எடுத்துக்கொண்டு போங்கள். பாசா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் வணிக-கலை அமைப்பு 1997 முதல் இயங்குகிறது. ஒரு நிறுவனம் கலைத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தால் கூடுதலாகத் தானும் கொடுக்கும் மானியங்கள் அதனிடம் உண்டு. பதிலுக்குப் பெயர்ப்பலகை, விளம்பரம் கேட்கும் நிறுவனத்தின் பணம் நன்கொடை ஆகாது, விளம்பரச் செலவு ஆகும். அதில் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் எழலாம். இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பாதீர்கள்.

அரசு தரப்பில் தேசியக் கலை மன்றம், தேசிய லாட்டரி ஆணையம், விளையாட்டு, கலை, பண்பாட்டுத் துறை மூன்றும் அவ்வப்போது விண்ணப்பங்களைக் கோரும். இவர்களின் முதல் அக்கறை இந்த நாட்டுக் கலைஞர்கள்மீது. வெளிநாட்டுக்காரருக்கு ஊதியம் என்று கேட்டால் கோப்பு நகராது. உள்ளூர் சிக்ஸ்-ஃபுட் ஆட்டக்காரர்கள், உள்ளூர் தாளக்காரர்கள், ஒளிப்பதிவாளர், வாத்தியாரிடம் பயிற்சி பெறும் இளம் ஆசிரியர் ஆகியோருக்கான ஊதியத்தை இங்கே கேளுங்கள். அதுவும் நியாயமான தேவைதான். லாட்டரிக்கு விண்ணப்பிக்கத் தணிக்கை செய்த நிதிநிலை அறிக்கைகள் வேண்டும். சங்கத்தின் கணக்கு இரண்டு ஆண்டாகத் தணிக்கை ஆகவில்லை என்றால், முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

டிக்கெட்டுக்கு இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலைப் பாருங்கள். 1950இல் தொடங்கப்பட்ட அமைப்பு, டர்பனிலும் ஜோகன்னஸ்பர்கிலும் அதற்கு மையங்கள் உண்டு. தன் பட்டியலில் இடம்பெற்ற கலைஞர்களைத்தான் அது முக்கியமாக அனுப்பும். கிராமத்துக் கூத்து வாத்தியார்கள் எல்லோரும் அதில் இருக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டு திட்டமாக யோசிப்பவர்கள், வாத்தியாரைப் பட்டியலில் சேர விண்ணப்பிக்கச் சொல்லி இப்போதே உதவலாம்.

ஆறாம் படி: விண்ணப்பம்

முதல் பத்தியில் ஒரு மாணவரின் ஒரு நாளைக் காட்டுங்கள். காலை ஒன்பது மணிக்கு எந்த அறையில், யார், என்ன பழகுவார்கள் என்று படிப்பவர் கண்ணில் தெரிய வேண்டும். பிறகு வார அட்டவணை, பிறகு பணம்.

சுலு ஆட்டத்தோடு கூத்தைக் கலந்து ஒரு நிகழ்ச்சி என்று எழுதினால் மதிப்பீட்டாளர்களுக்குப் பிடிக்கும் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். என் கருத்து வேறு. ஆறு வாரத்தில் இரண்டு பெரிய மரபுகளை அவசரமாக ஒட்டவைத்தால் இரண்டுக்கும் அவமரியாதை. சுலு மாணவர்கள் வகுப்பில் இருக்கட்டும், அவர்களுடைய ஆட்டத்தில் கால் தரையில் இறங்கும் விதத்தையும் கூத்தில் இறங்கும் விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அதிலிருந்து எதுவும் தானாக முளைத்தால் சந்தோஷம். முளைக்கும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: காகித வேலை

இந்தப் படியில்தான் நான் அதிகம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் நான் சூடுபட்டது இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதிய கலைஞரை ஒரு கல்வி நிறுவனத்துக்கு அழைக்க நான் இடையில் நின்றேன். பணம் முழுவதும் கையில் இருந்தது. வகுப்புகள் அருமையாக நடந்தன. அவர் ஊர் திரும்பி நான்கு மாதம் ஆகியும் ஊதியம் போய்ச் சேரவில்லை. காரணம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரித்து எழுதப்பட்டிருந்தது. வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து மட்டும். இரண்டும் வேறு ஆட்கள் என்று கணினி திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. "பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், அதனால்தான் கேட்கிறேன் அம்மா" என்று தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அதனால் அழைப்புக் கடிதத்துக்கும் முன்பாகப் பெயரைச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பான் அட்டை மூன்றின் படங்களையும் வாங்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். பல்கலைக்கழகக் கணினி அதை ஏற்காது. வேறுபாடு இருந்தால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் அங்கேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வங்கிக்கு ஐஎஃப்எஸ்சி குறியீடு போதாது, வெளிநாட்டிலிருந்து பணம் வாங்குவதற்கான ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். சிறிய கூட்டுறவு வங்கிகளுக்கு அது இருக்காது. வேறு வங்கியில் கணக்குத் திறக்க ஒரு மாதம் கொடுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப இங்குள்ள வங்கி ஒப்பந்தமும் விலைப்பட்டியலும் கேட்கும். இரண்டிலும் வாத்தியார் இங்கே இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஊதியத்தை மூன்று தவணையாகப் பிரித்து, முதல் தவணையை அவர் புறப்படும் முன்பே அனுப்பிப் பாருங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. வழி அடைபட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

விசா: மூன்று மாதத்துக்கு உட்பட்ட வேலைக்கு, குடிவரவுச் சட்டத்தின் 11(2) பிரிவில் வேலை செய்ய அனுமதியுடன் கூடிய வருகையாளர் விசா இருக்கிறது. சாதாரணச் சுற்றுலா விசாவில் வரவழைத்து வேலை வாங்குவது சட்டவிரோதம். பிடிபட்டால் பாதிக்கப்படுபவர் கலைஞர். அழைப்புக் கடிதத்தில் நோக்கம், தேதிகள், ஊதியம், செலவை ஏற்பவர், தங்கும் முகவரி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் காலிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கருவிகளும் உடைகளும்: பழைய தஞ்சாவூர் வீணைகளில் தந்த வேலைப்பாடு இருக்கும், அவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவர வேண்டாம். மயிலாட்டக் கலைஞரை அழைப்பவர்கள் கவனிக்க, இந்தியாவிலிருந்து மயில்தோகை ஏற்றுமதிக்குத் தடை உண்டு. மற்றவற்றுக்குப் படத்தோடு ஒரு பட்டியல் தயாரித்து, பொருட்களைத் தற்காலிகமாகச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவர உதவும், இரு நாடுகளும் ஏற்கும் ஏடிஏ கார்னே ஆவணம் தேவைப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: அவர் இங்கே இருக்கும்போது

பணம் திரட்டும் வேலை இந்த ஆறு வாரத்திலும் நடக்கிறது. மேடை நிகழ்ச்சிக்கு மட்டும் கொடையாளர்களை அழைக்காதீர்கள், மூன்றாம் வாரத்தில் ஒரு வகுப்புக்கு அழையுங்கள். மிருதங்கக்காரர் இடப்பக்கத் தொப்பியில் ஈர ரவையை உருட்டி ஒட்டி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, மறுபடி தட்டி, அந்த ஆழமான நாதம் வரும்வரை காத்திருப்பதை அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். டர்பனின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் இந்த வேலை தினமும் நடக்கும்.

அப்படி ஒரு வகுப்புக்கு டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பேரன் மாணவன். வாத்தியார் அந்தப் பையனுக்குப் புஜக்கட்டையைக் கட்டி, கயிற்றை முதுகில் இழுத்து முடிந்துகொண்டிருந்தார். பெரியவர் எழுந்து போய், "இன்னும் கீழே, தம்பி. என் அப்பாவுக்கு இங்கேதான் முடிச்சு வரும்" என்று விரலை வைத்துக் காட்டினார். வாத்தியார் முடிச்சை அவிழ்த்து, அவர் காட்டிய இடத்தில் மறுபடி கட்டினார். பெரியவருக்குத் தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. கயிறு எங்கே முடியும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. அவரைக் கூட்டிவந்த மகள், அடுத்த வாரமே அடுத்த ஆண்டுக்கான டிக்கெட்டுகளை ஏற்பதாக எழுதிக் கொடுத்தார்.

எல்லா வகுப்புகளையும் ஒளிப்பதிவு செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் வாத்தியாரிடம் தமிழில் எழுதிய ஒப்புதல் வாங்குங்கள். பதிவு யாருக்குச் சொந்தம், எங்கே வைக்கப்படும், யார் பயன்படுத்தலாம் என்று அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுங்கள். அவர் குருவிடமிருந்து பெற்ற பாட்டை நாம் இலவசமாக எடுத்துக்கொள்வது முறையல்ல.

ஒன்பதாம் படி: கணக்கு ஒப்படைப்பும் அடுத்த ஆண்டும்

கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அறுபது நாளுக்குள் இரண்டு பக்க அறிக்கை அனுப்புங்கள்: வகுப்பு நாட்கள், வருகைப் பதிவு, செலவு, படங்கள். சரியாகப் போகாததையும் எழுதுங்கள். மழையில் நின்றுபோன நிகழ்ச்சியை மறைத்த அறிக்கையைவிட, அதைச் சொல்லிய அறிக்கைக்கு மறுபடி பணம் வந்திருக்கிறது.

மூன்று ஆண்டு தொடர்ந்து நடத்திக் காட்டிய பிறகு நிரந்தர நிதியைப் பற்றிப் பேசலாம். ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுத்துச் செலவிடுவதாக வைத்தால், 2,00,000 ரேண்ட் வருவதற்கு 50 லட்சம் ரேண்ட் மூலதனம் வேண்டும். பெரிய தொகைதான். ஆனால் நம் கோயில்களின் கோபுரத் திருப்பணிகளுக்குப் பல ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த சமூகம் இது. மூலதனம் சேரும்வரை ஆண்டுதோறும் திரட்டும் வேலையை நிறுத்தாதீர்கள். மாணவர்கள் ஒரு வருடம் விட்டால் கால் மறந்துவிடும்.

கடைசி வேலை ஒன்று. வாத்தியார் ஊர் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் அவரைக் கூப்பிடுங்கள். கடைசித் தவணை வந்ததா, வங்கி எவ்வளவு பிடித்தது என்று கேளுங்கள். வரி கட்டியதற்கான சான்றை அவருடைய முகவரிக்கு அனுப்புங்கள். அங்கே வரிக் கணக்குக் காட்ட அது வேண்டும். பணம் கைக்கு வந்துவிட்டது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்ட பிறகு கோப்பை மூடுங்கள்.